கிராண்ட் கேமன்ல ஒரு நாள் க்ரூஸ் ஸ்டாப்: முட்டி வலி அம்மா, கடல் ஒத்துக்காத அப்பாவோட இறங்கலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான். டிசம்பர் கடைசியில மியாமியில இருந்து கிளம்புற 7 நாள் வெஸ்டர்ன் கரீபியன் க்ரூஸ் புக் பண்ணியிருக்கீங்க, அதுல ஒரு நாள் கிராண்ட் கேமன் தீவு. அம்மாவுக்கு முட்டி தேய்மானம், மெதுவா நடப்பாங்க, வீல்சேர் வேண்டாம்னு சொல்றாங்க. அப்பாவுக்கு படகு, கப்பல்னாலே வயித்தைப் புரட்டும். அங்க கப்பல் கரையில வந்து நிக்காது, கடல்ல நிக்கிற கப்பல்ல இருந்து படகுலதான் கரைக்குப் போகணும்னு கேள்விப்பட்டு பயந்துட்டீங்க. ரெண்டு பேரையும் இறக்கணுமா, இல்ல அன்னிக்கு கப்பல்லயே உக்கார வச்சுடலாமான்னு கேட்டிருக்கீங்க.

நான் இந்த தீவோட தலைநகரம் ஜார்ஜ் டவுன்லதான் வேலை பாக்குறேன், ஹார்பர் எங்க ஆபீஸ்ல இருந்து நடக்குற தூரம். தெரிஞ்சவங்க அப்பா அம்மா கப்பல்ல வரும்போது போய் கூட்டிட்டு வந்து திரும்ப கொண்டுபோய் விட்டிருக்கேன். என் பதில், கண்டிப்பா இறக்குங்க. ஆனா இந்த தீவுல உங்க நாள் சுகமா போகுமா இல்லையாங்கிறதை பீச்சோ வெயிலோ முடிவு பண்றதில்ல, டெண்டர்னு சொல்ற, கப்பல்ல இருந்து கரைக்கு ஆள் ஏத்திட்டுப் போற அந்த படகுதான் முடிவு பண்ணும். எத்தனை மணிக்கு ஏறுறீங்க, எத்தனை மணிக்கு திரும்புறீங்க, நடுவுல எத்தனை வேலை வச்சுக்கிறீங்க, எல்லாத்தையும் அதை வச்சே பிளான் பண்ணணும். அதை விட்டுட்டு முதல்ல எந்த டூர்னு பாக்குறவங்கதான் சாயங்காலம் நொந்து போய் திரும்புறாங்க.

முதல்ல ஏன் இப்படின்னு சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் இதை வசதி இல்லாத ஊருன்னு நினைச்சுக்குறாங்க. கப்பல் கரையோரமா வந்து நிக்கணும்னா பியர்னு ஒரு நீளமான மேடை வேணும், கேமன்ல காசு இல்லாம ஒண்ணும் அதைக் கட்டாம இல்ல. 2019ல பெரிய க்ரூஸ் கம்பெனிகளும் சேர்ந்து ஜார்ஜ் டவுன் ஹார்பர்ல பியர் கட்ட திட்டம் ரெடியா இருந்துச்சு. இங்க அரசியல் சட்டத்துல வாக்காளர்ல கால்வாசி பேர் கையெழுத்து போட்டா மக்கள் வாக்கெடுப்பு கேக்கலாம்னு இருக்கு, உள்ளூர் ஆளுங்க வீடு வீடா போய் அந்த கையெழுத்தை வாங்கிட்டாங்க. அந்த டிசம்பர்ல நடக்க வேண்டிய ஓட்டெடுப்பு கோர்ட்டுக்குப் போய் நின்னுச்சு, அடுத்து கொரோனா வந்து திட்டமே படுத்துருச்சு. அப்புறம் 2025 ஏப்ரல் 30, பொதுத் தேர்தலோட சேர்த்து மறுபடி கேட்டாங்க, பெரும்பான்மை பேர் வேண்டாம்னு ஓட்டு போட்டாங்க. க்ரூஸ் கூட்டத்தை நம்பி கடை வச்சிருக்கிறவங்களுக்கும் வேன் ஓட்டுறவங்களுக்கும் அது கஷ்டமான முடிவுதான், அவங்க கவலையை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். 2019ல கப்பல்ல வந்தவங்க 18 லட்சத்துக்கு மேல, 2024ல சுமார் 11 லட்சம்தான். ரொம்ப பெரிய கப்பல்கள் டெண்டர் போடுறதையே விரும்புறதில்ல, கம்பெனிகளும் பஹாமாஸ்ல கோகோகே, செலிப்ரேஷன் கீ மாதிரி தங்களோட சொந்த இடங்களுக்கு கூட்டத்தை திருப்பி விட்டுட்டு இருக்காங்க.

ஆனா வேண்டாம்னு சொன்னவங்க பக்கம் காரணம் ரொம்ப வலுவானது. கிராண்ட் கேமன்ல ஒரு ஆறு கூட கிடையாது, மலையும் கிடையாது, முழுக்க சுண்ணாம்புக்கல்லு தீவு. மழை பெஞ்சா தண்ணி கல்லுக்குள்ள இறங்கிடும், சேறு கடலுக்கு அடிச்சுட்டு வராது, அதனாலதான் இங்க கடல் அவ்வளவு தெளிவா இருக்கு. ஹார்பருக்கு நேர் அடியில பவளப்பாறை இருக்கு, 1932 புயல்ல மூழ்கின பல்போவாங்கிற கப்பலோட மிச்சமும் அங்கயே கிடக்கு. ஊருக்குள்ள ரோட்டோரமா இறங்கி நீந்தினாலே ஈடன் ராக், டெவில்ஸ் க்ராட்டோன்னு உலகம் முழுக்க டைவிங் ஆளுங்களுக்கு தெரிஞ்ச இடம் வந்துடும். பியர் கட்டணும்னா அந்த தரையைத் தோண்டணும், தோண்டின மண்ணு கலங்கி பாறை மேல படியும், போனது திரும்பி வராது. உங்க அம்மா அப்பா படகுல அந்த பத்து நிமிஷம் போறப்போ கீழ எட்டிப் பாக்கச் சொல்லுங்க, தரை தெரியும். அந்த படகு சிரமம் எதுக்குன்னு அப்போ புரியும். நான் இந்த ஊர்க்காரன் இல்ல, எனக்கு ஓட்டு கிடையாது, ஆனா இருந்திருந்தா நானும் வேண்டாம்னுதான் போட்டிருப்பேன்.

சரி, படகு விஷயத்துக்கு வரேன். இங்க கப்பலோட லைஃப்போட்டை இறக்கி உங்களை அதுல ஏத்துறதில்ல, உள்ளூர்ல இதுக்குன்னே பெரிய டெண்டர் படகுகள் இருக்கு, ஒரே தடவையில நிறைய பேரை ஏத்திக்கும், கூரை உண்டு, உக்கார பெஞ்சு உண்டு. பெரிய படகுங்கிறதால ஆட்டமும் குறைவு. கப்பலோட கீழ் டெக்ல பக்கவாட்டு கதவைத் திறந்து அங்க இருந்து நேரா படகுக்குள்ள அடி எடுத்து வைக்கணும். கஷ்டமே அந்த ஒரு அடிதான். கப்பல் ஒரு தாளத்துல ஏறி இறங்கும், படகு இன்னொரு தாளத்துல ஏறி இறங்கும், ஒரு நொடி ரெண்டும் சமமா வரும், அடுத்த நொடி படகு கொஞ்சம் கீழ போயிடும். ரெண்டு பக்கமும் ஆள் நிப்பாங்க. போன சீசன்ல ஒரு நண்பரோட அம்மாவை கொண்டுபோய் விடும்போது கரைப்பக்கம் நின்னு பாத்தேன், அந்தம்மா ஒரு கையில ஹேண்ட்பேக், இன்னொரு கையில ஷாப்பிங் கவர், பிடிச்சுக்க கையே இல்ல. படகு ஆளு முதல்ல அந்த கவரை வாங்கி உள்ள வச்சான், அப்புறம் அவங்க முழங்கைக்குக் கீழ, மணிக்கட்டுக்கு மேல பிடிச்சுக்கிட்டு, அலை ஒண்ணு போகட்டும்னு நிறுத்தினான், அடுத்த அலை மேல வந்ததும் "நௌ"ன்னு ஒரே வார்த்தை, அந்தம்மா அடி வச்சாங்க, முடிஞ்சது. அவசரப்படுத்தவே இல்ல. பின்னாடி வரிசையில நிக்கிறவங்களும் ஒண்ணும் சொல்லல.

அம்மாகிட்ட இதை முன்னாடியே சொல்லி வைங்க. ரெண்டு கையும் காலியா இருக்கணும், பை எல்லாம் உங்க முதுகுல. அவங்களா எதையும் தாவிப் பிடிக்க வேண்டாம், அந்த ஆளு பிடிக்கட்டும், அவன் சொல்றப்போ மட்டும் கால் எடுத்து வைக்கட்டும். முட்டி வலிக்காரங்களுக்கு பிசியோதெரபில சொல்ற விதி இங்க அப்படியே பொருந்தும், மேல ஏறும்போது நல்ல கால் முதல்ல, கீழ இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. கோடு போட்ட ரப்பர் சோல் இருக்கிற, பின்னாடி பட்டை வச்ச செருப்பு போட்டுக்கட்டும், ஹவாய் செப்பல் வேண்டவே வேண்டாம், அந்த தரை எப்பவும் ஈரமா இருக்கும். புடவை கட்டிட்டு வரணும்னு ஆசைப்பட்டா திரும்பி கப்பலுக்கு வந்து டின்னருக்கு கட்டிக்கலாம், படகுக்கு சுடிதார்தான் நல்லது. மடக்குற வீல்சேரோ ஊன்றுகோலோ கூட எடுத்துட்டு வரலாம், படகு ஆளுங்க வாங்கி உள்ள வச்சுடுவாங்க. பேட்டரி வீல்சேரை டெண்டர்ல ஏத்த நிறைய கம்பெனி ஒத்துக்காது, இதைப் படிக்கிற வேற யாருக்காவது அந்த தேவை இருந்தா புக் பண்றதுக்கு முன்னாடியே கம்பெனிகிட்ட கேட்டுடுங்க, இல்லன்னா அன்னிக்கு முழுக்க கப்பல்லதான்.

கப்பல் காலையில 7, 8 மணிக்கு வந்து நிக்கும், சாயங்காலம் 3, 4 மணிக்கு கிளம்பிடும். கிளம்புறதுக்கு கொஞ்சம் முன்னாடியே கடைசி டெண்டர் போயிடும், அந்த நேரத்தை மட்டும் காலையில வெளிய வர்றப்போ போர்டுல பாத்து போட்டோ எடுத்து வச்சுக்கங்க. கப்பல் கம்பெனி மூலமா டூர் எடுத்தவங்களை முதல்ல இறக்குவாங்க, மத்தவங்களுக்கு நம்பர் டிக்கெட், கூப்பிடுற வரைக்கும் உக்கார்ந்திருக்கணும். அம்மா அப்பாவை வச்சுக்கிட்டு நடுவுல மாட்டிக்காதீங்க. ஒண்ணு, சீக்கிரமா டிபன் முடிச்சுட்டு முதல் சில படகுலயே போயிடுங்க, இல்லையா, பத்தரை மணிக்கு மேல கூட்டம் ஓஞ்சதும் நம்பரே இல்லாம நிம்மதியா இறங்குங்க. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், ஏன்னா காலையில கடல் அமைதியா இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, திரும்பி வர்றதையும் சீக்கிரமா வச்சுக்கலாம்.

திரும்பி வர்றதைப் பத்தி யாருமே யோசிக்கிறதில்ல, ஆனா வயசானவங்க களைச்சுப் போறது அங்கதான். கடைசி ஒன்றரை மணி நேரத்துல எல்லா கப்பல் கூட்டமும் ஒரே நேரத்துல ஹார்பருக்கு வரும், வரிசை நீளமா வெளிய வரைக்கும் நிக்கும், நிழல் எல்லா இடத்துலயும் கிடைக்காது, ரெண்டு மணி வெயில் தரையில இருந்தும் அடிக்கும். கடைசி டெண்டருக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கிளம்பி வந்துட்டீங்கன்னா வரிசையே இருக்காது. எந்த நாள்ல எத்தனை கப்பல்னு போர்ட் அத்தாரிட்டி முன்கூட்டியே அட்டவணை போடுது, பாத்துடுங்க. நாலு பெரிய கப்பல் ஒரே நாள்ல வந்தா 12, 15 ஆயிரம் பேர் ஒரு சின்ன டவுனுக்குள்ள இறங்குறாங்க, கேமனோட மூணு தீவும் சேர்த்தே மொத்த ஜனத்தொகை ஒரு லட்சத்தைத் தொடல, அப்போ யோசிச்சுக்கங்க. க்றிஸ்மஸ் வாரம் கூட்டமான வாரம்தான்.

இப்போ அப்பா. ஒரு நல்ல சேதி, ஜார்ஜ் டவுன் தீவோட மேற்குப் பக்கம் இருக்கு, இங்க வருஷம் பூரா அடிக்கிற காத்து கிழக்குல இருந்து வர்றது, அதனால தீவே அணை மாதிரி நின்னு ஹார்பரை அமைதியா வச்சிருக்கும். பெரும்பாலான நாள் அந்த படகுப் பயணம் அவருக்கு ஒண்ணும் பண்ணாது. கெட்ட சேதி, நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் அமெரிக்காவுல இருந்து குளிர் காத்து இறங்கி வர்றப்போ வடமேற்குல இருந்து அடிக்கும், அந்த வாடைக்காத்து நேரா ஹார்பர் வாயிலயே விழும். அப்போ கப்பலை சுத்தி தெற்குப் பக்கம் ஸ்பாட்ஸ்னு ஒரு இடத்துக்கு கொண்டுபோய் அங்க இருந்து டெண்டர் விடுவாங்க, அங்க இருந்து டவுனுக்கு வேன்ல வரணும். ரெண்டு பக்கமும் சரியில்லன்னா கேப்டன் இறக்காமலே அடுத்த ஊருக்கு கிளம்பிடுவாரு. நீங்க வர்றது சரியா அந்த சீசன், அதனால இதை மனசுல வச்சுக்கங்க. அப்படி ஆயிட்டா கேப்டன் மேல கோவப்படாதீங்க, அலை மேல வயசானவங்களை அந்த ஒரு அடி எடுத்து வைக்கச் சொல்ற தைரியம் அவருக்கு இல்லாம இருக்கிறதுதான் நமக்கு நல்லது.

அப்பாவுக்கு இந்த தீவை விட மியாமியில இருந்து க்யூபாவோட மேற்கு முனையைச் சுத்தி வர்ற கடல்தான் கஷ்டமா இருக்கும். ரூம் இன்னும் மாத்த முடியும்னா நடுக்கப்பல்ல, கீழ் டெக்ல கேளுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி. பால்கனி வேணும்னு உச்சி மாடியில மூக்குப் பக்கம் எடுத்தீங்கன்னா அவருக்கு வாரம் பூரா தண்டனை. மாத்திரை விஷயத்துல, வாந்தி வந்த அப்புறம் போட்டா வேலை செய்யாது, கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். நம்ம ஊர்ல கிடைக்கிற அவோமின், அமெரிக்காவுல மெக்லிசின், ரெண்டுமே தூக்கம் வர வைக்கும், வயசானவங்களுக்கு தலை சுத்தி தடுமாறும், அந்த தடுமாற்றத்தோட டெண்டர்ல ஏறக்கூடாது. காதுக்குப் பின்னாடி ஒட்டுற பேட்ச் இருக்கே, அது க்ளாக்கோமா, ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவங்களுக்கு ஆகாது. அதனால டாக்டர்கிட்ட கேட்டு, முதல்ல வீட்லயே ஒரு நாள் போட்டுப் பாத்து எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும். பையில இஞ்சி மரப்பா வச்சுக்கங்க, வாயில போட்டு மெதுவா கரைய விட்டா குமட்டல் அடங்க நிறைய பேருக்கு உண்மையிலேயே உதவுது. படகுல கீழ் தளத்துல, நடுவுல உக்கார வைங்க, போன் பாக்க விடாதீங்க, தூரத்துல கரையையே பாத்துட்டு இருக்கட்டும். வெறும் வயிறும் கூடாது, பஃபேல போட்டு அமுக்கின வயிறும் கூடாது.

கரையில இறங்கியாச்சு, என்ன பண்ணலாம்? எல்லாரும் சொல்றது ஸ்டிங்ரே சிட்டி, அதாவது திருக்கை மீன்களோட நிக்கிற இடம். தீவோட நடுவுல நார்த் சவுண்ட்னு பெரிய விரிகுடா, வாய்ப்பக்கம் பவளத்திட்டு வேலி மாதிரி இருக்கும், அதனால உள்ள தண்ணி அமைதி. அந்தக் காலத்துல மீனவங்க அமைதியான தண்ணியில படகை நிறுத்தி மீனையும் சங்கையும் சுத்தம் பண்ணி கழிவை அங்கயே போடுவாங்க, திருக்கைகள் சாப்பிட வந்து பழகி, படகு மோட்டார் சத்தம் கேட்டாலே வர ஆரம்பிச்சுச்சு. இடுப்பளவு தண்ணி, வெள்ளை மணல், சுத்தி பெரிய பெரிய திருக்கை. காலைத் தூக்கி வைக்காம மணல்ல தேய்ச்சுக்கிட்டே நடக்கணும், அப்போதான் அது நம்மளை உணர்ந்து விலகிப் போகும், மிதிச்சாதான் வால் அடியில இருக்கிற முள்ளால குத்தும். கையை தண்ணிக்குள்ள விரிச்சு வச்சா அது மேல வந்து வழுக்கிட்டுப் போகும், அடிவயிறு மழையில ஊறின காளானைத் தொட்ட மாதிரி இருக்கும், முதுகு கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும். தண்ணிக்கு வெளிய தூக்குறது சட்டப்படி குத்தம், போட்டோவுக்காக எந்த கைடாவது தூக்கினா வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்த மீனால தண்ணிக்கு வெளிய மூச்சு விட முடியாது, நம்ம ஒரு போட்டோவுக்காக அது தவிக்கக்கூடாது.

ஆனா உங்க அம்மாவுக்கு நான் இதை சொல்ல மாட்டேன். ஹார்பர்ல இருந்து வேன்ல அரை மணி நேரம், அங்க இருந்து இன்னொரு படகுல முக்கால் மணி நேரம் வரைக்கும், அப்புறம் படகுல இருந்து தண்ணிக்கு இறங்க செங்குத்தா ஒரு இரும்பு ஏணி. இறங்குறது கூட பரவாயில்ல, நனைஞ்ச துணியோட திரும்ப ஏறுறப்போ முழு உடம்பு பாரமும் முட்டி மேலதான். அந்த ஏணியில ஏற முடியாம கண்ணு கலங்கின அம்மாக்களைப் பாத்திருக்கேன். நீங்களும் அப்பாவும் வேணா போங்க, நார்த் சவுண்ட் அமைதிங்கிறதால அப்பாவுக்கு பெருசா பண்ணாது, நின்ன இடத்துல படகு ஆடுறப்போ மட்டும் சட்டுனு தண்ணியில இறங்கிட்டா சரியாயிடும். அம்மாவை தனியா விட முடியாதுன்னா விட்டுடுங்க, அது இல்லாமலே நல்ல நாள் அமையும்.

அம்மாவோட போக எனக்கு மனசுல முதல்ல வர்ற இடம் நார்த் சைடுல இருக்கிற எலிசபெத் ராணி பேர்ல இருக்கிற பொட்டானிக் பார்க். டவுன்ல இருந்து முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம், பாதை சமதரை, உக்கார இடம் உண்டு, நம்ம ஊர் மாமரம், செம்பருத்தி எல்லாம் பாத்து அம்மா நின்னு நின்னு பேசிட்டு வருவாங்க. அங்கதான் நீல இகுவானா இருக்கு, இந்த தீவுல மட்டுமே இருக்கிற பெரிய ஓணான் வகை, வெயில் ஏறினா உடம்பு நீலமா மாறும். 2002ல காட்டுல பத்து இருபதுதான் மிச்சம்னு கணக்கெடுத்தாங்க, பார்க்லயே வளர்த்து காட்டுக்குள்ள விட்டு 2018ல ஆயிரத்தைத் தொட்டுட்டாங்க. ஒரு சின்ன தீவு ஜனங்க சேர்ந்து ஒரு உயிரை அழியாம மீட்டெடுத்திருக்காங்க, நான் இந்த ஊரை மதிக்க இது ஒண்ணே போதும். போற வழியில சவன்னாவுல பெட்ரோ செயின்ட் ஜேம்ஸ்னு 1780ல கட்டின கல் வீடு இருக்கு, 1831 டிசம்பர் 5ல தீவுக்காரங்க கூடி நமக்குன்னு தேர்ந்தெடுத்த சபை வேணும்னு முடிவு பண்ணினது அங்கதான், 1835ல அடிமைகளுக்கு விடுதலைன்னு அறிவிப்பு படிச்ச இடங்கள்ல அதுவும் ஒண்ணு. கடலைப் பாத்த புல்வெளியில உக்கார்ந்தாலே காத்து சுகமா இருக்கும்.

அவ்வளவு தூரம் வேண்டாம்னா செவன் மைல் பீச். பேருக்குத்தான் ஏழு மைல், உண்மையில ஆறு மைலுக்கு முன்னப்பின்னதான் இருக்கும். மேற்குப் பக்கங்கிறதால சர்காசம் பாசி தொல்லை ரொம்ப கம்மி, தண்ணி குளம் மாதிரி நிக்கும், அம்மா இடுப்பளவு தண்ணியில நின்னாலே முட்டிக்கு பாரம் குறைஞ்சு நல்லா இருக்கும். ஆனா தெற்கு முனையில மணல் அரிச்சு பல ஹோட்டல் முன்னாடி பீச்சே காணாம போயிருக்கு, வேன் டிரைவர் அங்க இறக்கிடாம, பப்ளிக் பீச் இல்ல கவர்னர்ஸ் பீச்னு பேர் சொல்லி கேளுங்க. பப்ளிக் பீச்ல டாய்லெட் இருக்கு, வயசானவங்களுக்கு அது முக்கியம். டர்ட்டில் சென்டர், ஹெல்ங்கிற கருப்புப் பாறை எல்லாம் வெஸ்ட் பே பக்கம். ஹெல்ல பத்து நிமிஷத்துக்கு மேல ஒண்ணும் இல்ல. டர்ட்டில் சென்டர்ல ஆமைகளைக் கறிக்காகவும் வளர்க்கிறாங்க, ஆமைக்கறி இங்க பரம்பரை உணவு, உங்க வீட்ல சைவம்னா இதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. கண்ணாடி அடிப்படகு, அரை நீர்மூழ்கின்னு டூர் விப்பாங்க, அது அப்பாவுக்கு வேண்டாம், மூடின அறைக்குள்ள உக்கார்ந்து மெதுவா ஆடுறது மாதிரி குமட்டலைக் கிளப்புறது வேற எதுவும் இல்ல.

அன்னிக்கு அம்மாவுக்கு முட்டி ரொம்ப வலிச்சா எங்கயுமே போக வேண்டாம், ஹார்பருக்கு எதிரலயே பழைய கோர்ட் கட்டடத்துல நேஷனல் மியூசியம் இருக்கு, பாத்துட்டு, கடலோரமா ஒரு காபி குடிச்சுட்டு திரும்பிடுங்க. அதுவே தீவுல கால் வச்ச நாள்தான்.

பணத்துல ஒரு விஷயம் கவனிங்க. இங்க கேமன் டாலர், அது அமெரிக்க டாலரை விட பெருசு, 1 கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர்னு நிலையா வச்சிருக்காங்க, ஆனா கடையில நீங்க 1 அமெரிக்க டாலர் கொடுத்தா அதை 80 கேமன் சென்ட்டாதான் எடுத்துக்குவாங்க. மெனுல 16ன்னு இருந்தா அது 20 அமெரிக்க டாலர். டாக்ஸி, வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி தலைக்கு எவ்வளவா, வண்டிக்கு எவ்வளவா, எந்த டாலர்னு மூணையும் கேட்டுடுங்க. லைப்ரரி பக்கத்துல இருந்து டபிள்யூபி 1, 2ன்னு சின்ன பஸ் பீச் பக்கம் போகும், ரொம்ப மலிவு, டிரைவர்ங்க நல்லா பேசுவாங்க, ஆனா படி கொஞ்சம் உயரம். வண்டி இடது பக்கம்தான் ஓடும், அப்பா அம்மாவுக்கு ரோடு கடக்குறது நம்ம ஊர் பழக்கம்தான், அமெரிக்காவுல வளர்ந்த உங்க பசங்களைத்தான் கையைப் பிடிச்சுக்கணும்.

குடிதண்ணி கடல்நீரை சுத்திகரிச்சது, பைப்ல பிடிச்சே குடிக்கலாம், பாட்டில் காசு மிச்சம். சைவ சாப்பாட்டுக்கு இந்தியன் ரெஸ்டாரன்ட் இருக்கு, ஆனா டெண்டர் வரிசையை நினைச்சு, மதிய சாப்பாட்டை கப்பல்ல வச்சுக்கிறதுதான் நிம்மதி. கப்பல்ல இருந்து பழம் எதுவும் வெளிய எடுத்துட்டு வராதீங்க. கையில க்ரூஸ் கார்டும் ஒரு போட்டோ ஐடியும் இருக்கணும், திரும்ப ஏத்துறப்போ கேப்பாங்க. திரும்பி மியாமியில இறங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்லயும் மல்டிபிள் என்ட்ரி விசா செல்லுபடியா இருக்கான்னு இப்பவே பாருங்க.

நேரத்தைப் பத்தி, நீங்க வர்ற டிசம்பர்ல மியாமியும் கேமனும் ஒரே நேரம், குழப்பம் இல்ல. கோடையில வர்றவங்கதான் கவனிக்கணும், கேமன்ல கடிகாரத்தை மாத்துறதே இல்ல, அப்போ மியாமி ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும், கப்பல் மியாமி நேரத்துலயே இருந்தா போன் மட்டும் தானா தீவு நேரத்துக்கு மாறிடும், போன்ல ரெண்டு மணின்னு பாத்து பீச்ல உக்கார்ந்திருப்பீங்க, கப்பல்ல மூணாயிருக்கும். கையில ஒரு சாதா வாட்ச் கட்டி கப்பல் நேரத்துலயே வச்சுக்கிறது நல்லது.

இன்சூரன்ஸ் எடுத்தாச்சான்னு சொல்லல நீங்க. ரெண்டு பேருக்கும் இந்தியாவுல எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ் அமெரிக்காவுக்கு மட்டுமா, க்ரூஸுக்கும் மத்த நாட்டு கரைக்கும் சேருமான்னு எழுத்துல கேளுங்க. கப்பல் டாக்டர் பில்லே பெருசா வரும். தீவுல ஆஸ்பத்திரி வசதி நல்லாவே இருக்கு, ஜார்ஜ் டவுன்ல அரசு ஆஸ்பத்திரி, ஈஸ்ட் எண்ட்ல டாக்டர் தேவி ஷெட்டியோட நாராயணா குழுமம் 2014ல தொறந்த ஹெல்த் சிட்டி, அங்க நம்ம ஊர் டாக்டர், நர்ஸ் நிறைய பேர், அம்மாவுக்கு தமிழ்லயே பேச ஆள் கிடைக்கக்கூட வாய்ப்பு இருக்கு. ஆனா காசு அமெரிக்க ரேஞ்சுலதான்.

கடைசியா, வாடைக்காத்தால கப்பல் இங்க நிக்காம போயிட்டா போர்ட் டாக்ஸ் உங்க ரூம் கணக்குல திரும்ப வரும், கப்பல் கம்பெனிகிட்ட எடுத்த டூர் காசும் தானா வந்துடும். வெளிய தனியா புக் பண்ணின வேனுக்கு அந்தந்த ஆள் வச்ச கண்டிஷன்தான், "கப்பல் வரலன்னா முழு பணமும் திரும்ப"ன்னு எழுதியிருக்கிறவங்ககிட்ட மட்டும் புக் பண்ணுங்க, இங்க நல்லா நடத்துற எல்லாருமே அப்படித்தான் எழுதுவாங்க.